ஒரு சிட்டிகைக்கு மேல் கிடையாது

ராயபுரத்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில், பேட்டரிக் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே ஒரு வண்ணமீன் கடை இருந்தது. அந்தக் கடையில் மீன் வாங்கக் காசு மட்டும் இருந்தால் போதாது, ஒரு பரீட்சையிலும் தேற வேண்டும். கடைக்கார அக்கா பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப் போடுவார். பக்கத்தில் தீனி டப்பாவைத் திறந்து வைப்பார். "ஒரு வேளைக்கு எவ்ளோ போடுவ, எட்த்து வையி" என்பார். நாம் டப்பாவுக்குள் விரலை விட்டு எடுத்துத் தாளில் வைக்க வேண்டும். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து, அந்தத் தீனியைப் பார்ப்பார். பிறகு தலையைத் தூக்கி நம் முகத்தைப் பார்ப்பார். பாஸா பெயிலா என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

பெயிலானவர்களுக்கு மீன் கிடையாது. "வூட்டுக்குப் போயி கைய பயக்கிகினு வா" என்று அனுப்பிவிடுவார். இப்படி வியாபாரம் பண்ணினால் உருப்பட்ட மாதிரிதான் என்று பேட்டரிக் கடைக்காரர் தினமும் சொல்வார். அக்கா காதில் வாங்கிக்கொண்டதே இல்லை.

தெருவில் அவருக்குச் சிட்டிகை அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் சண்டைக்கு வருவார் என்பதால் விட்டுவிடுகிறேன். ஐம்பது வயதிருக்கும். நைட்டிக்கு மேல் ஒரு டவல், முழங்கை வரை எந்நேரமும் ஈரம். பிறந்தது எண்ணூர் பக்கம், முகத்துவாரக்குப்பத்தில். அண்ணன் தம்பி நான்கு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். "அவனுங்க மீன புடிச்சி ஊருக்குப் போட்றானுங்க. நா ஊருகிட்டந்து மீன காப்பாத்திகினு கீறேன்" என்பார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கமாட்டார். நாம்தான் சிரித்துவிட்டு அசடு வழிய நிற்போம்.

அவருடைய கட்சி எளிமையானது. உலகத்தில் இதுவரை எந்தத் தொட்டி மீனும் பட்டினியால் செத்ததில்லை, சோறு போட்டவர்கள்தான் கொன்றிருக்கிறார்கள். "கண்ணாடி கிட்ட வந்து வாய வாய தொறக்குதா? அது பசியில்ல கண்ணு, பயக்கம். உன் மூஞ்சப் பாத்தா தீனி வரும்னு கத்துகினு கீது. உன்ன வேலக்காரனா ஆக்கி வெச்சிக்கீது." மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான் போட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஒன்றுமே போடக் கூடாது. கப்பி மீன் தான் பெற்ற குஞ்சுகளையே விழுங்கிவிடுமாமே என்று யாராவது கேட்டால், "பசில இல்ல, வாயி சொம்மா இருக்காது. உன் தெருலயே நாலு பேரு அப்டி கீறாங்க" என்பார்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. தொட்டிக் கண்ணாடியை நக்கிக்கொண்டே திரியும் சக்கர் மீன் ஒன்று உண்டு. அது அழுக்கைத் தின்று பிழைத்துக்கொள்ளும், தனியாகத் தீனி வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒருவர், "தொட்டி கழுவற மீன் ஒண்ணு குடுங்க" என்று கேட்டுவிட்டார். அக்கா நிமிர்ந்தார். "அத்த இன்னா கார்ப்பரேசன் வேலைக்கா எட்த்துகினு போற? அதுக்கும் சோறு போடணும். லைட்ட அணைச்சிட்டு, அடில போய் விழற மாதிரி போடணும். போடுவியா?" அந்த மனிதர் சரி சரி என்று தலையாட்டி, மீனும் வாங்கி, அது தின்பதற்கு வெள்ளரித் துண்டு வெட்டும் விதத்தையும் கற்றுக்கொண்டு போனார்.

மாதவரத்திலிருந்து ஒரு லாரி முதலாளி வந்த கதையைப் பஞ்சர் கடைக்காரர் இன்றைக்கும் சொல்வார். பெரிய ஆஸ்கர் மீன் வேண்டும் என்றாராம். சின்ன மீனை உயிரோடு போட்டால் பாய்ந்து பிடிக்குமாமே, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றாராம். "நீ துன்னசொல்ல சுத்தி நாலு பேர நிக்க வெச்சா உனக்கு எறங்குமா?" என்று அக்கா கேட்டிருக்கிறார். அவர் சிரித்துவிட்டுப் பரீட்சைக்குக் கை நீட்டி, டப்பாவை அப்படியே தாளில் கவிழ்த்திருக்கிறார். அக்கா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் மீனை எடுத்து வந்து அவர் கையில் வைத்து, "இத்த எட்த்துகினு போ. எவ்ளோ போட்டாலும் சாவாது" என்றாராம்.

அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் அப்பா வந்து குறுக்கே உட்கார்ந்துகொள்கிறார். வேறு வழியில்லை, அவரையும் சொல்லியாக வேண்டும்.

அப்பா துறைமுகத்துக் கேன்டீனில் முப்பது வருடத்துக்கு மேல் பரிமாறியவர். மூட்டை தூக்கிவிட்டு வருகிற ஆட்களுக்குச் சோறு போட்ட கை. ஒரு கரண்டி வைத்தால் தட்டு நிறைய வேண்டும், அதுதான் அந்தக் கைக்குத் தெரிந்த அளவு. ரிட்டயரான அடுத்த வருடம் அம்மா போய்விட்டார். வீட்டில் மிச்சம் அப்பாவும் நானும். அவர் பத்துப் பேருக்குச் சமைப்பார், சாப்பிட இரண்டு பேர். கொஞ்ச நாள் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு சமைப்பதையே விட்டுவிட்டு, பன்னை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணிக்குப் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் வருவேன். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் அவர் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார் என்பது அவர் தொண்டையைச் செருமுவதிலேயே தெரியும். எனக்குப் பயமாக இருந்தது. சோறு போட யாராவது இருந்தால் இந்த மனிதர் எழுந்துவிடுவார் என்று தோன்றித்தான் மீன் கடைக்குக் கூட்டிப்போனேன்.

நாட்காட்டித் தாளில் அப்பா வைத்தது ஒரு சின்னக் குன்று. அக்கா அதை வெகுநேரம் பார்த்தார்.

"நைனா, இது சிட்டிக இல்ல. பந்தி."

"கம்மியா போட்டா கேவலமா இருக்காதாம்மா?" என்றார் அப்பா.

"யாருக்கு கேவலம்?"

"போட்றவனுக்கு."

அக்கா இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். அப்பா பாதியைத் திருப்பி டப்பாவில் போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்தவர், எதிர்த் தொட்டி மீன்கள் தன்னையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, எடுத்ததை மறுபடி தாளில் வைத்தார். அக்கா டப்பாவை மூடிவிட்டார்.

மறுநாள் நான் தனியாகப் போனேன். எனக்குக் கை சின்னது, மனசும் அப்படித்தான் என்று அம்மா சொல்வார். ஒரே தடவையில் பாஸ். "நீதான போடுவ?" என்று அக்கா கேட்டார். "நான்தான்" என்றேன். புளுகு என்று தெரிந்தே சொன்னேன். இரண்டடித் தொட்டியும் மூன்று தங்கமீன்களும் வீடு வந்து சேர்ந்தன.

அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். என்னோடு அல்ல, மீன்களோடு. மூன்றில் பெரியது, தலையில் குல்லா வைத்த மாதிரி சதை முளைத்தது, தொந்தியைத் தூக்கிக்கொண்டு தொட்டியை மேற்பார்வை பார்த்தபடி சுற்றியது. துறைமுகத்தில் பழகிய ஞாபகத்தில் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் மேஸ்திரி கண்ணாடிக்கு வந்து வாயைத் திறப்பான். நான் போய் நின்றால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். "கேட்டு வாங்கித் துன்றவன் இவன். இந்த மாதிரி ஆளுக்குப் போட்றதுல ஒரு சொகம் கீது பாப்பா" என்றார் அப்பா.

நாங்கள் வேதக்காரர்கள், வெள்ளிக்கிழமை வீட்டில் கறி கிடையாது, நான் வைக்கிற மீன் குழம்புதான். மேஸ்திரியின் முன்னால் மீனைத் தின்ன அப்பாவுக்குக் கூச்சம். தொட்டியின் மேல் ஒரு டவலைப் போர்த்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். இதைக் கேள்விப்பட்ட அக்கா கடைவாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "கொயம்புல அவன் சித்தப்பன் கீறான்னு அயுவானா? டவலு போட்றாராம் டவலு."

அது நடந்தபோது அக்காவுக்கும் எங்களுக்கும் உறவு நன்றாகத்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் வரைக்கும் இருந்தது. பண்டிகை அன்றைக்கு யாரையும் வெறும் வாயோடு விடக் கூடாது என்று அப்பா தொட்டிக்குள் ஒரு துண்டு கேக்கை உதிர்த்துப் போட்டிருக்கிறார். மறுநாள் இட்லி. தண்ணீர் அரிசி கழுவின தண்ணீராக மாறியது. ஒரு வாரத்தில் இரண்டு மீன்கள் போய்விட்டன. மேஸ்திரி மட்டும் மிச்சம்.

மீன் செத்தால் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்பது கடைச் சட்டம். கொண்டுபோனேன். அக்கா பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். மூடினார். திரும்பத் திறந்து மோந்தார்.

"இதுல சாம்பார் வாசன வருது."

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. "உனுக்கு பாஸ் போட்டது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டுக்கு இனி மீன் கிடையாது, தீனியும் கிடையாது. தெருவில் எதிரே வந்தால் பஞ்சர் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்து மாட்டியபோதுகூட நான் அவ்வளவு கூனிக் குறுகியதில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை மேஸ்திரி தலைகீழாக மிதந்தான். சாகவில்லை. தொந்தி மேலே, முதுகு கீழே, செவுள் மூடித் திறந்துகொண்டிருந்தது. அப்பா தண்ணீருக்குள் கை விட்டு நிமிர்த்திவிடுவார், கையை எடுத்ததும் அவன் மறுபடி கவிழ்ந்துவிடுவான். கடைசியில் வடை எடுக்கும் சல்லிக் கரண்டியை உள்ளே விட்டு அவனை நிமிர்த்தித் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நா போட்டதுதான் இவனுக்கு எமனா ஆயிட்ச்சி" என்றார். நான் பயந்த அதே பழைய முகம் திரும்பி வந்திருந்தது. இந்த மீன் போய்விட்டால் இவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார், இந்தத் தடவை எழுந்திருக்கமாட்டார் என்று எனக்குப் பட்டது. கடைக்கு ஓடினேன்.

"நா வரமாட்டேன்" என்றார் அக்கா. நான் நகராமல் நின்றேன். கொஞ்ச நேரம் தொட்டி துடைத்தார். பிறகு கேட்டார்: "முழுசா கவுந்துச்சா, சாஞ்சிகினு கீதா?"

"முழுசா."

டவலை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

வீட்டுக்கு வந்து, அப்பாவின் கரண்டியைப் பார்த்துவிட்டு, அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். குனிந்து மேஸ்திரியை நான்கு பக்கமும் பார்த்தார். "வவுறு அடச்சிகினு கீது. மூணு நாளிக்கு ஒண்ணும் போடக் கூடாது. நாலாவது நாளு ஒரு பட்டாணி, அவிச்சி, தோலு உரிச்சி, துளி."

"மூணு நாளா?" அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "பெரிய வெள்ளி நோம்புக்கே ஒரு வேள உண்டேம்மா."

"நைனா, இந்த மீனுக்கு நம்ம மாதிரி வவுத்துப் பையே கெடையாது. வாயி, அப்பால கொடலு, அவ்ளோதான். நீ போட போட போய்கினே இருக்கும்."

அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "வவுறே இல்லாதவனுக்கா இத்தினி நாளா போட்டுகினு இருந்தேன்?"

தீனி டப்பாவை அக்காவே எடுத்துக்கொண்டு போகட்டுமே என்றேன். "டப்பாவ எட்த்துகினு போலாம். சோத்துப் பானைய எட்த்துகினு போ முடியுமா?" என்றார் அக்கா. மீனைக் கடைக்குக் கொண்டுபோகவும் முடியாது, இந்த நிலைமையில் தண்ணீர் மாறினால் செத்துவிடும். ஆகவே மூன்று நாளும் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், மீன் தீனி கேட்கிற நேரத்தில், அவரே வந்து தொட்டி முன்னால் காவல் உட்காருவது என்று முடிவானது. நான் லீவு எழுதிக் கொடுத்தேன். மீனுக்கு உடம்பு சரியில்லை என்று எழுத முடியாது, அப்பாவுக்கு என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு அக்கா தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கவிழ்ந்தபடியே மேஸ்திரி அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தான். அப்பாவின் கை தானாக எழுந்தது. அக்கா "ம்" என்றார். கை இறங்கியது. கை இறங்கிய மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சமையல்கட்டுக்குப் போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. அப்பா கையால் அந்தச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அரை மணியில் ஒரு தட்டோடு வந்தார். "சொம்மாதான குந்திகினு கீற. ரெண்டு துன்னுட்டு குந்தும்மா."

இட்லியும் வடகறியும். "ஒண்ணு போதும் நைனா" என்றார் அக்கா. தட்டில் ஆறு இருந்தன. நாட்காட்டித் தாளைப் பார்ப்பது போலவே அந்தத் தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு சாப்பிட்டார். ஆறையும் சாப்பிட்டார். காலையில் ஒரு டீ, மத்தியானம் ஒரு வர்க்கி பிஸ்கட், அதோடு பொழுதை ஓட்டுகிறவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் காலை பொங்கல், மாலை சேமியா. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மாலையில் நெத்திலிக் குழம்பு. சிட்டிகை அக்கா மீன் தின்பாரா என்பது தெருவில் வெகுகாலமாக இருந்த சந்தேகம். அப்பா வழக்கம்போல் தொட்டியின் மேல் டவலைப் போர்த்தினார். அக்கா இரண்டு கரண்டி சோறு முடித்து, மூன்றாவது வாங்கி, குழம்பை ஊற்றிப் பிசைந்தவர், திடீரென்று எழுந்தார். தொட்டி பக்கம் போய், எச்சில் படாத கையால் டவலை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை அடக்கியது என் வாழ்நாள் சாதனை.

நான்காம் நாள் பட்டாணியை அப்பாவே அவித்து, உரித்து, நசுக்கினார். அக்கா தன் நைட்டிப் பையிலிருந்து மடித்த நாட்காட்டித் தாளை எடுத்து விரித்தார். அப்பா இரண்டு விரலால் கிள்ளி வைத்தார். தாளில் எள்ளைவிடச் சற்றே பெரிதாக ஒரு பச்சைத் துளி இருந்தது. அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"பாஸு."

மேஸ்திரி அதைத் தின்று, துப்பி, மறுபடி தின்றான். மத்தியானம் சாய்ந்து நின்றான். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டான். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். அக்கா தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டுப் போனார்.

காவல் முடிந்தது. ஆனால் அதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிக்கு அக்கா வாசலில் நின்றார். "மீனு எப்டி கீதுன்னு பாக்க வந்தேன்" என்றார். அப்பா செருப்பைத் தேய்த்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மேஸ்திரி கண்ணாடிக்கு வந்தான், அக்கா நாற்காலிக்கு வந்தார். இரண்டும் எனக்கு ஒரே காட்சியாகத் தெரிந்தது. சொன்னால் ஆயுசுக்கும் மீன் தரமாட்டார் என்பதால் சொல்லவில்லை. பிறகு கடை இருந்தவரை எட்டு மணி வருகை நிற்கவில்லை. மேஸ்திரிக்கு ஒரு சிட்டிகை, அக்காவுக்கு ஒரு தட்டு. அப்பாவின் கை இரண்டு அளவையும் கற்றுக்கொண்டது.

கடை இருந்த கட்டடத்தை இடித்தார்கள். அக்கா புழல் ஜெயில் பக்கம் போய்க் கடை போட்டார். "புழல்ல கீறேன்னு சொன்னா அல்லாரும் எந்தக் கேஸுன்னு கேக்கறாங்க" என்று போனில் சொன்னார். வருவது குறைந்துபோனது. போன வருடம் அப்பா போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு அக்கா வந்தார். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். தொட்டிக்குப் போனார். மேஸ்திரி அவரைப் பார்த்ததும் முன்னால் வந்து வாயைத் திறந்தான்.

"போட்டியா?"

"காலைலயே போட்டேன். ஒரு சிட்டிக."

டப்பாவைத் திறந்தார். ஐந்து விரலையும் உள்ளே விட்டு, அப்பா எடுப்பது போலவே எடுத்து, தண்ணீரில் தூவினார். மேஸ்திரி ஓடி ஓடித் தின்றான்.

"இது நைனா போட்டது" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் நாளன்னிக்கும் ஒண்ணும் போடாத. வந்து வந்து நிப்பான். அவன் மூஞ்ச பாக்காத" என்றார்.

பிறகு தொட்டிக்கு எதிரே அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, "சோறு கீதா?" என்று கேட்டார்.

இருந்தது. தட்டு வைத்து, என் சின்னக் கையால் சோறு போட்டு, குழம்பு ஊற்றினேன். அக்கா கையை நீட்டவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

"பெயிலு" என்றார்.

நான் சமையல்கட்டுக்குப் போய்ச் சோற்றுக் குண்டானையே தூக்கிக்கொண்டு வந்தேன்.